மிதக்கும் காற்றாலையும் மீனவர் கடலும்

"மிதப்பதென்றால் கடலடிக்குச் சேதமில்லைத்தானே?" ஸ்ரௌவ்வில்லில் என் வீட்டுக்கு வந்திருந்த வல்வெட்டித்துறை நண்பர் கேட்டார்.

ஸ்கொட்லாந்தின் பீற்றர்ஹெட் கரைக்கப்பால் 2017இல் இயங்கத் தொடங்கிய ஹைவிண்ட் பண்ணையைச் சொன்னேன். அங்கு ஐந்து காற்றாலைகள். ஒவ்வொன்றையும் தாங்குவது, அடியில் பாரமேற்றி நிமிர்த்திய நெடிய உருக்கு உருளை. நீருக்குள் மட்டும் ஏறத்தாழ 78 மீற்றர். நோர்வேயின் ஆழமான, அலையடங்கிய கடற்கழியில் பொருத்தி, இழுவைக் கப்பல்களால் கொண்டுவந்து, தலா மூன்று சங்கிலிகளால் நங்கூரமிட்டார்கள்.

திறந்த கடலில் தூண் ஊன்றும் வேலை இல்லைத்தான். ஆனால் நங்கூரங்கள் கடலடியில் புதைகின்றன. நாற்புறமும் விரியும் சங்கிலிகள் வலையிழுப்போருக்கு இடைஞ்சல்.

பாக்கு நீரிணையில் அவ்வளவு ஆழமில்லை, இம்மிதவை தரைதட்டும். ஆழங்குறைந்த கடலுக்கு அடியில் ஊன்றும் தூண்களே பொருந்தும். ஆகவே, 'மிதக்கும்' என்ற சொல்லால் எமது மீனவரைச் சமாதானப்படுத்த முடியாது. எந்தப் பரப்பை விட்டுத்தர இயலுமென்று முதலில் அவர்களிடமே கேட்கவேண்டும்.