இதழாசிரியருக்கு ஒரு கடிதம்

மாணவ நண்பர்களே, உள்ளூர் வரலாற்று இதழுக்குக் கட்டுரை அனுப்பு முன்னர் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த ஊர், எந்தக் கல், அதில் நீங்கள் புதிதாய்க் கண்டது யாது என்பவை அதில் இருந்தால் போதும்.

நான் ஒருகால் ஏரிக்கரைக் கல்வெட்டொன்றைப் பற்றி 20 பக்கம் எழுதியனுப்பினேன். அதில் 18 பக்கம் சோழர் பெருமையே! கல்லில் உள்ள வரிகள் எங்கே என்ற வினாவோடு கட்டுரை திரும்பி வந்தது. படியெடுக்க ஓடினேன், மதகுப் பணியில் கல் உடைந்து போயிருந்தது.

ஆதலின் முதலில் நிழற்படமேனும் எடுத்து, வரிகளைப் பிழையின்றிப் பெயர்த்தெழுதுங்கள். பின்னர், 1890-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் அது முன்பே அச்சேறியுள்ளதா எனப் பாருங்கள். அச்சேறியிருப்பினும், விடுபட்ட ஒரு வரியையோ பிழைபட்ட ஓர் ஊர்ப்பெயரையோ நீங்கள் கண்டிருந்தால், அதுவே கடிதத்துக்குரிய செய்தி.