எலிகளின் இயல்பும் கூண்டின் அளவும்

ரொறன்ரோவில் ஓர் ஆய்வுகூடத்தில் இரவுவேளைகளில் எலிக்கூண்டு கழுவியவன் நான். இனவிருத்திக் கூண்டுகளில் ஆண் எலி துரத்தும். பெண் எலி முதுகை வளைத்து இடங்கொடுக்கும். 'ஆண் முந்துவதுதான் இயற்கை' என்று நண்பர்களோடு வாதாடியும் இருக்கிறேன். வாசித்த பின்னர்தான் தவறு புரிந்தது.

1978இல் மார்த்தா மக்கிளின்ரொக், நோர்மன் அட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வுகூட எலிகளையும் அதே இனத்துக் காட்டெலிகளையும் விசாலமான அடைப்பில் விட்டு அவதானித்தனர். அங்கே பெண் எலியே ஆணை நெருங்கி, திரும்பித் துள்ளியோடி அழைத்தது. போதுமென்றால் விலகியது, விரும்பியபோது மீண்டும் வந்தது. கூண்டிலேயே தலைமுறைகளாகப் பெருகிய எலிகளும் இதை மறந்திருக்கவில்லை.

இது வெறும் விளையாட்டல்ல. பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கொருமுறை, ஒரு நாளுக்கும் குறைவான நேரமே வேட்கைக்காலம். ஆண் பலமுறை சேர்ந்த பின்னரே விந்து வெளிப்படும். அந்தத் தூண்டுதலே கருத்தங்கத் தேவையான புரொஜெஸ்தரோன் சுரப்பை நீடிக்கச் செய்கிறது. இடைவெளியைப் பெண்ணே தீர்மானித்தால், குறைந்த தடவைகளே அதற்குப் போதும் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

சிறிய கூண்டில் விலகிப்போக இடமில்லை. ஆகவே ஆணின் அவசரமே நியதிபோலத் தெரிகிறது. நான் கண்டது எலியின் இயல்பையல்ல, கூண்டின் அளவை.

மனிதர் எலிகளல்லர், எலியைக் காட்டி எவருக்கும் நியாயம் சொல்ல முடியாது. நான் சொன்னதும் அதனாலேயே பிழை. ஆனால், நம் வீடுகளில் 'பெண்ணின் இயல்பு இதுதான்' என்று யாரும் சொல்லும்போது, அவளுக்கு விலகிப்போக இடமிருந்ததா என்று இப்போது கேட்கிறேன்.