நாற்பது வயதில் தெரியவரும் ஆட்டிசம்

பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறீர்கள். உளவியலாளர் கேட்கத் தொடங்குகிறார். சட்டைக் கழுத்தில் இருக்கும் துணிப்பட்டை உறுத்துகிறது என்று அழுவானா? மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வானா? வழக்கமாகப் போகும் வழி மாறினால் தவித்துப்போவானா? அவனுக்காகப் பதில் சொல்லிக்கொண்டே வருகிறீர்கள். நாலாவது கேள்வியில் உங்களுக்கே உறைக்கிறது. இன்று காலை புதுச் சட்டையின் பட்டையைக் கத்தரித்துவிட்டுத்தானே நீங்களும் போட்டுக்கொண்டு வந்தீர்கள்?

வளர்ந்த பிறகு தன் ஆட்டிசத்தைக் கண்டுகொள்கிறவர்களில் பலர் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள்.

ஆட்டிசம் நடுவயதில் வருமா? வராது. மூளை வளரும் விதத்திலேயே சிறுவயது முதல் இருக்கும் வேறுபாடு அது. உங்களுக்கு இப்போது வந்திருப்பது அதன் பெயர் மட்டும்தான்.

அப்படியென்றால் அது என்னதான்? இரண்டு பக்கம் உண்டு. முதலாவது, மனிதர்களோடு பழகுவதில் வரும் சிக்கல். பேச்சில் சொல்லாமல் விடப்படுவது பிடிபடாது. “சாப்டாச்சா?” என்று ஒருவர் கேட்டால் அது வெறும் விசாரிப்பு என்று மற்றவர்களுக்குத் தெரியும், நீங்கள் நின்று நிதானமாக, இரண்டு இட்லி, தக்காளிச் சட்னி என்று சொல்லி முடிக்கும்போது அவர் தெருமுனை தாண்டியிருப்பார். “ஒருநாள் வீட்டுக்கு வாங்க” என்றால் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்பீர்கள்.

இரண்டாவது, ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொள்வது, ஒரு விஷயத்தில் ஆழமாக மூழ்குவது, கை காலை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டிருப்பது, ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவை அளவுக்கு மீறியோ குறைவாகவோ உறைப்பது. இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். முதல் பக்கச் சிக்கலும் சேர்ந்திருக்க வேண்டும்.

“இதெல்லாம் எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கிறதுதானே?” என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு எல்லாருக்கும் இருக்கும். சிறுவயதிலிருந்தே இருக்கிறதா, படிப்பையோ வேலையையோ உறவையோ உண்மையிலேயே சிரமப்படுத்துகிறதா என்பதை வைத்துத்தான் மருத்துவர் முடிவுசெய்வார். சத்தம் பிடிக்காது என்பது வேறு; கல்யாண மண்டபத்தில் மேளம் உச்சத்துக்குப் போகும் நேரம் மாடிக்கு ஓடி, தண்ணீர் கேன்கள் அடுக்கிய அறையில் நின்று மூச்சுவாங்குவது வேறு.

இத்தனை வருடம் யாரும் கவனிக்காதது ஏன்? அன்றைய மருத்துவமே உங்களைப் போன்றவர்களைத் தேடவில்லை. 1943-ல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதில் 8 பேர் பையன்கள். மறுவருடம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், சரளமாகப் பேசும் பிள்ளைகளையும் விவரித்தார். அது ஜெர்மன் மொழியிலேயே கிடந்து, 1981-ல் லோர்னா விங் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆங்கிலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1994-ல்தான் ஆஸ்பெர்கர் என்ற பெயர் சேர்ந்தது. 2013-ல் எல்லாம் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் (ஆளுக்கு ஆள் விதமும் அளவும் மாறும் நிலை) என்று ஒன்றாயின. 1988-ல் கணக்கில் நூறு வாங்கிய பையனைப் பார்த்து எந்த வாத்தியார் சந்தேகப்பட்டிருக்க முடியும்?

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். பெரியவர்கள் முன்னால் குனிந்து நிற்பது இங்கே மரியாதை. கண்ணைப் பார்க்காமல் பேசும் பெண்ணுக்கு “அடக்கமான பொண்ணு” என்று நற்பெயர்தான் கிடைத்தது, பரிசோதனை கிடைக்கவில்லை.

மறைத்து வாழ்வதும் ஒரு காரணம். இதை மாஸ்கிங் (முகமூடி போட்டுக்கொள்வது) என்கிறார்கள். கேஸ் ஏஜென்சிக்குப் போன் செய்யும் முன் பேசவேண்டியதைத் தாளில் எழுதி ஒத்திகை பார்ப்பது, மற்றவர்கள் சிரித்த அரை நொடி கழித்துச் சிரிப்பது, பார்வையை எதிராளியின் புருவத்தில் நிறுத்திக்கொள்வது. வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் ஆபீஸ் விட்டு வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்க முடியாமல் இருபது நிமிடம் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பீர்களே, அந்தக் களைப்புதான் இதற்கான விலை. வீட்டில் அதற்குப் பெயர் சோம்பல்.

இணையத் தேர்வு எழுதினால் போதாதா? 2001-ல் கேம்பிரிட்ஜில் உருவான, 50 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு பிரபலம். மருத்துவரைப் பார்க்கலாமா என்று யோசிக்க அது உதவும், முடிவு சொல்லாது. சமூகப் பதற்றமும், ஏடிஎச்டி-யும் (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாமை) பார்வைக்கு ஆட்டிசம் போலவே இருக்கும். கூடவே சேர்ந்தும் இருக்கலாம்.

யாரைப் பார்ப்பது? மனநல மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. எங்கே போனாலும் “பெரியவங்களுக்கும் பார்ப்பீங்களா?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பார்ப்பார்கள். பழைய ராங்க் கார்டு இருந்தால் எடுத்துப்போங்கள். “வகுப்பில் யாருடனும் சேர்வதில்லை” என்று எப்போதோ ஒரு டீச்சர் எழுதிய வரிக்கு அங்கே மதிப்பு அதிகம். உங்கள் சிறுவயதைப் பற்றிச் சொல்ல அம்மாவோ பெரியம்மாவோ கூட வந்தால் இன்னும் நல்லது.

மருந்து உண்டா? ஆட்டிசத்துக்கென்று மாத்திரை கிடையாது. கூடவே வரும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மைக்கு உண்டு. “குணப்படுத்துகிறோம்” என்று யாராவது சொன்னால் பணப்பையை மூடிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

சான்றிதழ் வேண்டுமா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. வேலை இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று வேண்டும். அந்த அளவு இல்லையென்றாலும் மருத்துவர் சொன்னது பொய்யாகிவிடாது.

சரி, தெரிந்துகொண்டாயிற்று. பிறகு? முதலில் நிம்மதி வரும், பின்னாலேயே கோபம் வரும். இத்தனை வருடம் திமிர் பிடித்தவன், ஒட்டாதவள் என்று கேட்ட வசவெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து தூக்கம் கெடும். பலர் கடந்துவந்த கட்டம் இது, அவசரப்பட வேண்டாம்.

ஏற்றுக்கொள்வது என்றால் ஏதோ ஞானம் வருவது போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏற்பு என்பதைச் சின்னச் சின்ன ஏற்பாடுகளாகவே பார்க்கிறேன். மினுக்கும் டியூப்லைட்டை மாற்றுங்கள். தினமும் காலையில் பொடி இட்லிதான் என்றால் அப்படியே இருக்கட்டும், வெட்கம் வேண்டாம். கல்யாணத்துக்குக் காதடைப்பானோடு போய், மொய் எழுதி, முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள். விருந்துக்கு மறுநாள் லீவு போடுங்கள். கால் ஆட்டினால் மனசு அடங்குகிறது என்றால் ஆட்டுங்கள்.

ஆபீசில் சொல்லவேண்டுமா? கட்டாயமில்லை. பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேட்கலாம்: “சார், சொன்னதை வாட்ஸாப்ல ஒரு வரி போட்டுடுங்க, தப்பில்லாம முடிச்சிடுவேன்.” வீட்டில் கணவனிடமோ மனைவியிடமோ சொல்லிவிடுவது நல்லது, நீங்கள் பேசாமல் அறைக்குள் போவது அவர் மேல் உள்ள கோபத்தால் அல்ல என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

அம்மாவிடம் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில், “உனக்கென்னடா குறைச்சல்? நல்லாத்தானே இருக்கே?” அதில் அலட்சியத்தைவிடப் பயம்தான் அதிகம். தன் வளர்ப்பில் குறை சொல்வதாக அவருக்குக் கேட்கிறது. தாயின் அன்புக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். அது தவறு என்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. பரம்பரைக்குத்தான் இதில் பெரும் பங்கு. அம்மாவுக்கு அதை முதலில் சொல்லுங்கள். “அப்போ உங்க தாத்தா மாதிரின்னு சொல்லு” என்று அவரே ஆரம்பித்தாலும் ஆரம்பிக்கலாம்.

இதற்கிடையில் மனம் மிகவும் உடைந்து, வாழவே வேண்டாம் என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள். டெலி-மனஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணிநேரமும் தமிழில் பேசலாம். போன் பேசுவதே சிரமம் என்றால், கேஸ் ஏஜென்சிக்குச் செய்வது போலவே முதல் வரியைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு படியுங்கள். எதிர்முனையில் இருப்பவர் அதைத் தவறாக நினைக்கமாட்டார்.