வினாக்கொத்துத் தயாரித்தல்

ஒரு விடயம் பற்றிப் பலரிடமிருந்து ஒரே முறையில் தரவு பெறுவதற்காக ஒழுங்குபடுத்தப்பட்ட வினாக்களின் தொகுதி வினாக்கொத்து எனப்படும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டிற்காகக் கள ஆய்வு செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் புள்ளிகளை இழப்பது இவ்விடத்திலேயாகும். தாமே நினைத்தபடி பத்துக் கேள்விகளை எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போய்விடுகின்றனர்.

எனது வகுப்பு மாணவர் சிலர் சல்லிக் கடற்கரையில் மீனவர்களிடம் "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டனர். ஒரு பெரியவர், "எந்த மாசம் தம்பி? சோளகத்திலயோ, மாரியிலயோ?" என்று திருப்பிக் கேட்டாராம். பிழை அவரிடம் இல்லை. சம்பளக்காரருக்குப் பொருந்தும் கேள்வி, பங்கு பிரித்து வாழ்பவருக்குப் பொருந்தாது. "கடைசியாகக் கடலுக்குப் போனது எப்போது? அன்று உங்கள் பங்காகக் கிடைத்தது எவ்வளவு?" என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும். மாரியில் தொழில் செய்யும் நாட்களைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த முறை புதியதன்று. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் குடும்ப வருமான செலவின ஆய்வில் உணவுச் செலவு ஒரு வாரத்திற்கும், அடிக்கடி வாங்காத பொருட்களின் செலவு அதைவிட நீண்ட காலத்திற்கும் கேட்கப்படுகின்றன. மனிதர் எதை எவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருப்பார் என்பதே இதன் அடிப்படையாகும்.

வினாவின் அமைப்பு எண்ணையே மாற்றிவிடும் என்பதற்கு எமது நாட்டிலேயே சிறந்த உதாரணம் உண்டு. 2001 ஆம் ஆண்டுக் குடிசனத் தொகைமதிப்பில் அங்கவீனர்கள் வகைவாரியாகப் பதியப்பட்டனர். கிடைத்த விகிதம் சுமார் 1.6 சதவீதமாகும். 2012 இல் 5 வயதிற்கு மேற்பட்டோரிடையே அது 8.7 சதவீதமாயிற்று. பதினொரு ஆண்டுகளில் ஐந்து மடங்காகப் பெருகினரா? யுத்தம் காரணமாக 2001 இல் திருகோணமலை உட்பட 7 மாவட்டங்களில் கணக்கெடுப்பு முழுமை பெறவில்லை என்பது உண்மைதான். ஆயினும் அது மட்டும் இவ்வளவு வேறுபாட்டைத் தராது. மாறியது கேள்வியாகும். 2012 இல் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் சிரமம் உண்டா, எந்த அளவு என்று கேட்டனர். "உங்கள் வீட்டில் அங்கவீனர் உள்ளாரா?" என்றால் இல்லை என்று சொல்லும் தாய், "மூக்குக்கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில் சிரமம் உண்டா?" என்றால் மாமியாரை நினைத்து ஆம் என்பார். 2012 இல் பதியப்பட்டோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் பார்வைச் சிரமம் உள்ளவர்களே.

சிரமத்தின் அளவைக் கேட்கும் இத்தகைய வினாக்கள், ஐக்கிய நாடுகள் புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் 2001 இல் அமைக்கப்பட்ட வாஷிங்டன் குழுவினால் பல நாடுகளில் பரீட்சித்து உருவாக்கப்பட்டவையாகும். அவற்றுக்கான விடைகள் நான்கு: சிரமம் இல்லை, ஓரளவு சிரமம், அதிக சிரமம், முற்றாக முடியாது.

எனவே எழுதத் தொடங்குமுன் ஏற்கனவே உள்ள வினாக்களைத் தேடுங்கள். திணைக்களத்தின் ஆய்வு அறிக்கைகள் பலவற்றின் பின்னிணைப்பில் வினாக்கொத்து உண்டு. நூலகத்திலோ இணையத்திலோ பார்க்கலாம். அப்படியே எடுத்தால் உங்கள் கிராமத்தின் விடையை மாவட்ட, தேசிய எண்ணோடு ஒப்பிடலாம். ஒரு சொல்லை மாற்றினாலும் அந்த வசதி போய்விடும். எடுத்த இடத்தை அறிக்கையில் குறிப்பிடுக. இது களவல்ல, குறிப்பிடாமல் விடுவதே களவு.

சொந்தமாக எழுதும் வினாக்களில் இரண்டு விடயங்களை ஒன்றாகக் கேட்கக்கூடாது ("நீரும் மின்சாரமும் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா?"). விடையைத் திணிக்கக்கூடாது. 10–20, 20–30 என வகுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. 20 வயதுக்காரர் எதில் அடையாளமிடுவார்? வருமானம் போன்ற கூச்சமான வினாக்கள் இறுதியில் வருக. பின்னர் அயலவர் நான்கைந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். இது முன்னோடி ஆய்வு எனப்படும். அவர்கள் எங்கே தயங்குகிறார்களோ அந்த வினாவே திருத்த வேண்டியது.

பயிற்சி: பின்வரும் வினாவின் குறைகள் மூன்றினைக் குறிப்பிட்டு, அதனைத் திருத்தி எழுதுக.
"கடற்கரையில் குப்பை போடுவது கெட்ட பழக்கம் என்பதால் நீங்களும் உங்கள் வீட்டாரும் வழமையாக அங்கே குப்பை போடுவதில்லை அல்லவா?"