மடித்து வைத்த இரண்டு கைகள்

டீ ஆறுவதற்குள் ஒரு பறவையைப் பற்றிப் பேசிவிடலாம், உட்காருங்கள். மல்லார்ட் என்று ஒரு காட்டு வாத்து. ஆண் வாத்துக்குத் தலை பளபளவென்று பச்சை, கழுத்தில் மெல்லிய வெள்ளை வளையம். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா என்று வடக்கே ஏரி இருக்கும் இடமெல்லாம் இதுவும் இருக்கும். வீட்டில் வளர்க்கிற வாத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் மூதாதை. இதன் குடலில் பறவைக் காய்ச்சல் வைரஸ் குடியேறும், பெருகும், எச்சத்தோடு ஏரித் தண்ணீரில் கலக்கும். வாத்தோ தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கிக்கொண்டு மேய்ந்தபடியே இருக்கும். அந்த வைரஸின் கொடிய வகை கோழிப் பண்ணைக்குள் புகுந்துவிட்டால் சில நாளில் கொட்டகையே காலி.

ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால், “வாத்துக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி” என்போம். நாம் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். சக்தி என்ற சொல்லைக் கேட்டதும், தொட்டியில் தண்ணீர் மாதிரி கூடவோ குறையவோ இருக்கும் ஒன்று என்று மனம் எண்ணிக்கொள்கிறது. உடம்புக்குள் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு தொட்டி கிடையாது. இருப்பவை புரதங்கள், அவற்றுக்கு இருப்பது வடிவம். ஒரு வடிவம் இன்னொன்றில் பொருந்துகிறதா இல்லையா என்பதில்தான் பாதிக் கதை நடக்கிறது. வாத்தின் உடம்பில் அப்படி ஒரு புரதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெயர் ரிக்-ஐ.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகள் கோத்த ஒரு நீளச் சரம். ரிக்-ஐயில் 900-க்கும் மேற்பட்ட மணிகள். கோத்து முடிந்ததும் சரம் தானாகச் சுருண்டு மடிந்து ஓர் உருவம் கொள்ளும். ரிக்-ஐயின் உருவத்தில் மூன்று பகுதிகள். நடுவில் ஒரு உள்ளங்கை. கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம். முன்பக்கம் இரண்டு கைகள். சும்மா இருக்கும்போது இந்தக் கைகள் உள்ளங்கைப் பகுதியின்மேல் மடிந்து ஒட்டிக் கிடக்கும். ஆளே உறங்குகிற மாதிரி.

இது எதற்காகக் காத்திருக்கிறது? ஒரு நூல் நுனிக்காக. நம் செல்லிலும் வாத்தின் செல்லிலும் ஆர்என்ஏ என்ற நூல்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. புரதம் செய்யும் குறிப்பைச் சுமந்து செல்பவை அவை. பூக்காரம்மா சரம் கட்டி முடித்ததும் நுனியில் ஒரு முடிச்சுப் போடுவார் அல்லவா, அதுபோல செல் தன் நூல்களின் நுனியை ஒரு மூடி போட்டு மறைத்துவிடுகிறது. பறவைக் காய்ச்சல் வைரஸின் மரபணுவும் ஆர்என்ஏதான், எட்டுத் துண்டுகளாக. அவற்றின் நுனியில் மூடி இல்லை. மூன்று பாஸ்பேட்டுகள் அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதோடு, ஒரு மாலையின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்ததுபோல, ஒவ்வொரு துண்டின் இரண்டு நுனிகளும் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறிது தூரம் இரட்டை நூலாக நிற்கும். தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ள வைரஸுக்கு இந்த நுனிகள் வேண்டும். அதனால் இவற்றை அது எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது.

இப்போது அந்த நுனி ரிக்-ஐயின் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பாஸ்பேட்டுகளும் கிண்ணத்துக்குள் போய் உட்காரும். உள்ளங்கை இரட்டை நூலைச் சுற்றி மூடிக்கொள்ளும். ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறும் வந்து பொருந்திவிட்டால், மடித்து வைத்த இரண்டு கைகளுக்கும் அங்கே இடமில்லாமல் போகும். அவை விடுபட்டு வெளியே வரும். வந்த கைகள் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பில் இருக்கும் இன்னொரு புரதத்தைத் தொடும். அந்தத் தொடுதலில் தொடங்குகிற தொடர் வேலையின் முடிவில் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரக்கும். அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அதுதான் தண்டோரா.

கவனியுங்கள், ரிக்-ஐ எந்த வைரஸையும் கொல்லவில்லை. ஒரு நுனியைப் பிடித்தது, கையை நீட்டியது, அவ்வளவுதான்.

மடிந்த கைகள், கிண்ணம் என்றெல்லாம் சொல்கிறேனே, யார் பார்த்தது? 2011-இல் பிரான்சின் கிரெனோபிலில் பார்த்தார்கள். புரதத்தைத் தூய்மையாக்கிப் படிகமாக உறைய வைத்து, அதன்மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, கதிர் சிதறும் புள்ளிக்கோலத்திலிருந்து உருவத்தைக் கணக்கிட்டுவிடலாம். கைகள் மடிந்து உறங்கும் நிலையை முழுசாகக் காட்டியது மனிதனின் ரிக்-ஐ அல்ல, வாத்தினுடையது. மனிதனுக்கும் இந்தப் புரதம் உண்டு. நம் செல்லுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள வாத்து உதவியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

கோழிக்கு வருவோம். கோழிக்கு ரிக்-ஐ மரபணுவே இல்லை. பரிணாமத்தின் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. எம்டிஏ5 என்ற உறவுக்காரப் புரதம் இருக்கிறது, ஓரளவு சமாளிக்கிறது. 2010-இல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தட்டில் வளர்த்த கோழிச் செல்களுக்குள் வாத்தின் ரிக்-ஐ மரபணுவைச் செலுத்தினார்கள். அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த செல்கள் அந்த நுனியை அடையாளம் கண்டன. பறவைக் காய்ச்சல் வைரஸ் அவற்றில் முன்போலப் பெருகவில்லை. கோழிச் செல்லுக்கு யாரும் தெம்பு ஊட்டவில்லை. இல்லாத ஒரு வடிவம் கிடைத்தது.

அப்படியானால் இந்தத் தண்டோராவை ஓயாமல் அடிக்க விட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை. ரிக்-ஐ தவறிப்போய் நம் சொந்த நூலையும் சில நேரம் பிடித்துவிடும். அப்போது ஏடிபியை எரித்து, பிடியைத் தளர்த்தி, விட்டுவிடும். இப்படி விடத் தெரியாத ரிக்-ஐயோடு பிறக்கும் மனிதர்கள் மிகச் சிலர் உண்டு. வைரஸே இல்லாமல் அவர்கள் உடம்பில் தண்டோரா ஓய்வதில்லை. கண்ணில் அழுத்தம் ஏறுகிறது, இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிகிறது. பிடிப்பதைப் போலவே விடுவதும் வடிவத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

வாத்துக்கும் இது முழுக் கவசம் அல்ல. 2014-இல் கேரளத்தின் குட்டநாட்டில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகை பரவியபோது வாத்துகளே கூட்டங்கூட்டமாகச் செத்தன. வேகமாகப் பெருகும் சில வகைகளை ஒரு புரதத்தால் மட்டும் தடுத்துவிட முடிவதில்லை. ஆனால் குடலில் தங்கிப்போகும் மிதமான வகைகள் வரும்போது, நோயின் சுவடே இல்லாமல் வைரஸை எச்சத்தில் விட்டபடி மல்லார்ட் இலையுதிர் காலத்தில் தெற்கே கிளம்பும். குளிர்ந்த தண்ணீரில் அந்த வைரஸ் வாரக்கணக்கில் கெடாமல் கிடக்கும், அதே ஏரியில் அடுத்து வந்து தலையை நீருக்குள் விடும் வாத்துக்காக.