நுண்துகள் பிலிம்

பரங்கிமலையின் உச்சியில் நின்று தெற்கு நோக்கினால், மீனம்பாக்கம் வானூர்தி நிலையமும், பல்லாவரத்துக் குன்றுகளும், தாம்பரம் வரையில் நெருங்கிய வீடுகளும் தோன்றும். இக்காட்சியை இருவர் படம் பிடிப்பதாகக் கொள்வோம். ஒருவர் கையடக்கமான காமிராவில் வேகம் மிக்க பிலிமை இட்டு, இமைப்பொழுதில் எடுத்துவிடுகிறார். மற்றவர் பெரிய காமிராவை முக்காலியின்மேல் நிறுத்தி, வேகம் குறைந்த பிலிமை இட்டுப் பொறுமையுடன் எடுக்கிறார். இரு படங்களையும் சுவரளவு பெரிதாக்கினால், முன்னதில் தொலைவிலுள்ள வீடுகள் மணல் தூவினாற்போல் மங்கிவிடும். பின்னதிலோ அவ்வீடுகளின் சன்னல்களையும் எண்ணலாம். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

கறுப்பு வெள்ளைப் பிலிமின்மேல், ஜெலட்டின் என்னும் பசையில் கலந்த வெள்ளி உப்பின் படிகங்கள் பூசப்பட்டுள்ளன. ஒளி பட்ட படிகங்கள், உருத்துலக்கும் கரைசலில் இட்டபின் கரிய வெள்ளித் துகள்களாகின்றன. மழையில் வைத்த அகன்ற பாத்திரம் விரைவில் துளிகளைப் பெறுவதுபோல, பெரிய படிகம் ஒளியை விரைவில் ஏற்கும். ஆனால் அதன் துகள் பருத்திருக்கும். சிறிய படிகத்திற்கு ஒளி மிகுதியாக வேண்டும். ஆயினும் அது தரும் உரு நுட்பமானது. வேகம் 100 என்று குறித்த பிலிமைவிட, 25 என்று குறித்த பிலிமிற்கு நான்கு மடங்கு ஒளி தேவை. எனவே, காற்றில் ஆடும் கிளையும் நடந்து செல்லும் மனிதரும் அதில் கலங்கித் தோன்றக்கூடும்.

பிலிமின் பரப்பும் துணைசெய்கிறது. நான்கு அங்குல அகலமும் ஐந்து அங்குல நீளமும் உடைய பிலிம், சிறிய காமிராவின் 35 மில்லிமீட்டர் பிலிமில் விழும் படத்தைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு பரப்புடையது. ஆதலால் அதனை மிகுதியாகப் பெரிதாக்க வேண்டுவதில்லை.

பெரும்பரப்பும் நுண்துகளும் அறிவியலுக்கு ஆற்றிய தொண்டினைக் கொடைக்கானலில் காணலாம். அங்குள்ள வானாய்வகத்தில் 1904-ஆம் ஆண்டு முதல் கதிரவனை நாள்தோறும் படமெடுத்து வந்தனர். முதலில் கண்ணாடித் தகடுகளும், பிற்காலத்தில் பிலிமும் பயன்பட்டன. கதிரவனின் ஒளி ஏராளமாதலால், வேகம் குறைந்த தகடுகளே போதுமாயின. அவற்றுள் கதிரவனின் உரு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விட்டமுடையது. அவ்வுருவில் ஒரு மில்லிமீட்டர், கதிரவனில் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டரைக் குறிக்கும். நம் பூமியை அங்கு வைத்தால் இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிதாகவே தோன்றும்! துகள் பருத்திருந்தால், கதிரவனின் சிறு கரும்புள்ளிகள் அதனுள் மறைந்துவிடும். சென்ற நாளின் கதிரவனை மீண்டும் படம் பிடித்தல் இயலாது. அன்று மறைந்தது என்றும் மறைந்ததே.

கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்கும். இம்முறைமையை நன்கு ஆராய ஒருவர் வாழ்நாள் போதாது. ஆகவே, ஆய்வாளர்கள் அப்பழம்படங்களைக் கணிப்பொறிக்கு ஏற்ற வடிவில் மாற்றி, புள்ளிகளின் பரப்பையும் இடத்தையும் அளக்கின்றனர். படமெடுத்தோர் நினைத்தும் பாராத வினாக்களுக்கு அவை இன்று விடையளிக்கின்றன. எண்முறைக் காமிராக்கள் பெருகிய இந்நாளிலும், மெல்ல ஒளியேற்ற அச்சிறு துகள்களின் பயன் குன்றவில்லை.