புதுக்கோழியைக் கூட்டத்தில் சேர்க்கும் முன்...

சந்தையில் இரண்டு பெட்டைக்கோழிகளை வாங்கி வந்து, அன்றே வீட்டுக் கோழிகளோடு திறந்து விடுவது பலருக்கும் பழக்கம். மறுநாள் புதுக்கோழியின் கொண்டையில் ரத்தம் வடியும். தீவனத்துக்குப் பக்கத்தில் வராமல் மூலையில் ஒடுங்கி நிற்கும். நன்றாக முட்டையிட்டு வந்த பழைய கோழிகளும் முட்டையைக் குறைத்துவிடும். கோழிகளுக்குள் இருக்கும் உறவுமுறை கலைந்துபோவதே இதற்குக் காரணம்.

கொத்து வரிசை

ஒரு கூட்டத்தில் எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு ஒதுங்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டின் ஷெல்டெரூப் எபே என்ற ஆய்வாளர் 1922-ல் இதை விளக்கி எழுதினார். கோழிகள் தலை, கொண்டையின் தோற்றத்தை வைத்து ஒன்றையொன்று அடையாளம் காணும். வரிசை முடிவாகிவிட்டால் பெரிய சண்டை வராது. புதிய கோழி வந்தால் வரிசையை மீண்டும் முடிவு செய்ய வேண்டியிருக்கும். சில வாரங்கள் பிரித்து வைத்த நம் கோழியைத் திரும்ப விட்டாலும் இதே நிலைதான்.

சேர்க்கும் முறை

வாங்கிய கோழியை முதல் 3 வாரம் தனி இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். தனித்தீவனம், தனித்தண்ணீர் அவசியம். முதலில் வீட்டுக் கோழிகளைக் கவனித்துவிட்டு, பிறகே புதியதிடம் போக வேண்டும்.

பிறகு ஒரு வாரம், பகலில் பஞ்சாரத்தில் அடைத்தோ கம்பிவலைக்குப் பின்னாலோ, மற்ற கோழிகள் பார்க்கும்படி வைக்கலாம். பார்த்துப் பழகிய பின் மாலையில், அடையும் நேரத்தில் ஒன்றாக விடலாம். ஒற்றைக் கோழியைவிட இரண்டு, மூன்றாகச் சேர்ப்பது நல்லது. ஒன்றின் மேலேயே எல்லா அடியும் விழாது.

தீவனத்தையும் தண்ணீரையும் 2, 3 இடங்களில் வைத்தால், வரிசையில் கடைசியில் உள்ள கோழிக்கும் வயிறு நிறையும். அடையும் கழிகளை ஒரே உயரத்தில், கோழிக்கு 20 செ.மீ. இடம் வரும்படி அமைக்கலாம். 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

லேசான கொத்தலுக்குப் பிரிக்க வேண்டாம். ரத்தம் கண்டால் உடனே பிரிக்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்து மற்றவையும் கொத்தும். காயத்தில் மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, கூட்டத்தின் கண்ணில் படும்படியே வைத்திருந்து ஆற விடலாம்.

தாயும் குஞ்சும்

தாய்க்கும் குஞ்சுக்குமான பேச்சு, குஞ்சு பொரிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கடைசி நாளில் முட்டைக்குள் இருந்து குஞ்சு குரல் கொடுக்க, அடைக்கோழி பதில் குரல் கொடுக்கும். பொரித்த பின், இரையைக் கொத்திப் போட்டு, குரல் கொடுத்துத் தின்னக் கற்றுக்கொடுப்பதும் தாயே. வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறு குரல் எனக் கோழிகள் எச்சரிக்கும். தாயோடு திரியும் குஞ்சுகளுக்கு இது பெரிய பாதுகாப்பு. வெளியில் வாங்கிய ஒரு நாள் குஞ்சுகளை அடைக்கோழியிடம் சேர்ப்பதானால், இரவில் அதன் இறக்கைக்கு அடியில் விட வேண்டும். நாள் கடந்து விட்டால் கொத்தி விரட்டிவிடும்.

தினமும் பார்க்க வேண்டியது

கோழிகள் சேர்ந்தே மேயும், சேர்ந்தே புழுதியில் குளிக்கும், சேர்ந்தே அடையும். ஒரு கோழி மட்டும் இறக்கையைத் தொங்கவிட்டுத் தனியே நின்றால் எச்சத்தைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் அன்றே பிரித்து வைத்து, அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள். காலையில் திறக்கும்போதும் மாலையில் அடைக்கும்போதும் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால், ஒரு கோழியோடு போவது கூட்டம் முழுவதும் பரவாமல் தடுக்கலாம்.